புல்லுக்கு வர்ணமாம்!

சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். கதவுக்கு அடிப்பார்கள். பொங்கல் வந்தால் மாட்டின் கொம்புக்கு அடிப்பார்கள். புல்லுக்கு வர்ணம் அடிப்பதைக் கேள்விப்பட்டதுண்டா, தோழர்களே?

அமெரிக்காவில் அடிக்கிறார்கள். வேடிக்கைக்காக அல்ல, தொழிலாகவே அடிக்கிறார்கள். குளிர்காலம் பிறந்ததும் கோல்ஃப் மைதானங்களில் வண்டியின் பின்னால் தொட்டியைக் கட்டிக்கொண்டு, பழுப்பேறிய புல்லின்மீது பச்சை வர்ணத்தைத் தெளித்துக்கொண்டே போகிறார்கள். காலையில் வைக்கோல் நிறத்தில் கிடந்த தரை மாலையில் கிளிப்பச்சையாகக் காட்சியளிக்கிறது. அதன்மேல் சீமான்கள் பந்தடிக்கிறார்கள்.

பணக்காரனுக்கு வந்த பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. இந்த வர்ணத்துக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. வர்ணமே அந்த வழக்கில் சாட்சி சொல்கிறது.

முதலில் புல்லைப் பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதி மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் வயல் வரப்பில் படர்ந்து கிடக்கிறதே அருகம்புல், பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறார்களே, அதே புல்தான். அதை ஆப்பிரிக்கப் புல் ஒன்றோடு கலந்து, ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கோல்ஃப் ஆட்டத்துக்கென்றே புதிய ரகங்களை உருவாக்கினார்கள். படித்தவர் போற்றும் அந்தப் பசும்பட்டு, நம் வரப்புப் புல்லின் வாரிசு!

அருகு வெயிலின் பிள்ளை. குளிர் ஏறி, வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. இலையின் பச்சையம் சிதைந்து பழுப்பாகிறது. ஆனால் புல் சாகவில்லை. மண்ணுக்குள் வேரும் தண்டும் உயிரோடு உறங்குகின்றன. வசந்தம் வந்தால் தானே துளிர்க்கும். “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரின் வலிமை அது. உழைத்த உடம்பு இரவில் உறங்குவதைப் போல, உழைத்த புல் குளிரில் உறங்குகிறது. உறக்கம் நோய் அல்ல.

ஆனால் பருவம் பார்த்து வருகிறவர்கள் கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் அல்லவா? அவர்கள் கண்ணுக்குப் பழுப்பு ஆகாதாம். ஆகவே நிர்வாகம் இரண்டு வழிகளைக் கையாண்டு வருகிறது.

முதல் வழி, உறங்கும் புல்லின்மேல் குளிரைத் தாங்கும் ரைப்புல் விதையைத் தூவுவது. இதற்காக இலையுதிர்காலத்தில் மைதானத்தையே சில வாரங்கள் மூடுகிறார்கள். பழைய புல்லை ஒட்ட வெட்டிக் கீறுகிறார்கள். விதை முளைக்கும்வரை நாளொன்றுக்குப் பலமுறை தண்ணீர் தெளிக்கிறார்கள். முளைத்த பிறகு குளிர்காலம் முழுவதும் நீர், உரம், வெட்டு. வசந்தம் வந்ததும் அத்தனை பாடுபட்டு வளர்த்த ரைப்புல்லைப் போக்கடித்து, அடியில் கிடந்த அருகுக்கு வழிவிட வேண்டும். 18 குழி கொண்ட ஒரு மைதானம் நூறு, நூற்றைம்பது ஏக்கர் பரப்பு என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது வழிதான் வர்ணம். பச்சை நிறமி, அது இலையில் ஒட்டிக்கொள்ள ஒரு பசை, கலக்கத் தண்ணீர், அவ்வளவே. கோடு விழாமலிருக்க ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் தெளிப்பார்கள். உலர்ந்துவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல கம்பெனிகளின் சாயங்களை அருகருகே தெளித்து, எது எத்தனை நாள் நிற்கிறது, எது வெளிறுகிறது, எது நீலம் பாய்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

நாம் நியாயத்தைப் பேசுகிறவர்கள். ஆகவே சொல்லிவிடுகிறோம்: இரண்டில் வர்ணமே மேல். உறங்கும் புல்லுக்கு நீர் மிகக் குறைவாகப் போதும். விதைச் செலவு இல்லை. வெட்டும் வேலையும் குறைவு. வர்ணம் அடிக்கிறான் என்று கேலி பேசி, விதை தூவித் தண்ணீரைக் கொட்டுகிறவனைச் சும்மா விட்டால் அது நியாயமாகாது.

பிறகு வழக்கு எங்கே என்கிறீர்களா? இங்கேதான். வர்ணம் அடித்த மைதானத்தில் ஆட்டம் குறைவின்றி நடக்கிறது. பந்து உருள்கிறது. கட்டணம் வசூலாகிறது. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்குத் தேவைப்பட்டது புல் அல்ல, நிறம்! ஒரு தொட்டிச் சாயம் கொடுக்கக்கூடிய நிறத்துக்காகத்தான் குளிர்காலந்தோறும் ஆற்றைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இதை நாம் சொல்லவில்லை. சாயம் சொல்கிறது!

ஆறு என்றோமே, அந்த ஆற்றைப் பார்க்கக் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்குக்கு வாருங்கள். பாலைவனம் அது. ஆனால் அந்தப் பாலைவனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. கொலராடோ ஆற்று நீர் கால்வாய் வழியாக அங்கே வருகிறது. நிலத்தடி நீரையும், சுத்திகரித்த கழிவுநீரையும் மைதானங்கள் பயன்படுத்துகின்றன. குளிர்காலமே அங்கே வருமானக் காலம். ஆகவே அக்டோபர் வந்தால் ரை விதைப்பு.

அந்தக் கொலராடோ ஆற்றின் நிலை என்ன? 2021 ஆகஸ்டில், வரலாற்றில் முதன்முறையாக அந்த ஆற்றுக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்க மத்திய அரசு அறிவித்தது. 2022 கோடையில் மீட் நீர்த்தேக்கத்தின் மட்டம், 1930களில் அது நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்குக் கீழே இறங்கியது.

அதே பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் போங்கள். திராட்சைத் தோட்டமும் பேரீச்சைத் தோட்டமும் இருக்கின்றன. 1965 மே மாதம் மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்ற மண் அது. அங்கே ஒயாசிஸ் என்ற பெயரில் ஒரு குடியிருப்பு. பாலைவனச் சோலை என்று பொருள். அதில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் குடித்த கிணற்று நீரில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற சட்ட எல்லையைத் தாண்டி ஆர்சனிக் என்னும் நஞ்சு இருந்தது. 2019இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தலையிட்டு, இவர்களுக்குக் குடிக்க வேறு நீர் கொடு என்று அவசர ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

அந்த நஞ்சை மைதானம் கலக்கவில்லை. நிலத்தின் அடியிலேயே இருப்பது அது. நாம் வீண்பழி சுமத்தவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரே பள்ளத்தாக்கில், உறங்குகிற புல்லுக்குக் குழாய் போயிருக்கிறது. உழைக்கிற மனிதனுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் ஏன் போகவில்லை?

“விவசாயம் எங்களைவிட அதிகம் குடிக்கிறதே” என்று மைதானக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விவசாயம் குடித்த நீர் உணவாகத் திரும்புகிறது. “மைதானத்தால் பலருக்கு வேலை கிடைக்கிறதே” என்பார்கள். அதுவும் உண்மை. அந்த வேலையைப் பழுப்புப் புல்லும் கொடுக்கும் என்பதுதான் நம் பதில்.

ஆதாரம் வேண்டுமா? வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர். அங்குள்ள இரண்டாம் எண் மைதானம் உலகப் புகழ் பெற்றது. 2010–11இல் அதைச் சீரமைத்தபோது ஏக்கர் கணக்கில் புல்லை எடுத்துவிட்டு மணலையும் காட்டுச் செடியையும் விட்டார்கள். ஆயிரத்துக்கு மேலிருந்த நீர்த் தெளிப்பான்கள் 450 அளவுக்குக் குறைந்தன. 2014இல் அங்கே அமெரிக்க ஓப்பன் போட்டி நடந்தது. முதலில் ஆண்களுக்கு, மறு வாரம் பெண்களுக்கு. ஓரமெல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. பழுப்பைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆட்டம் நடந்தது! வானம் இடிந்து விழவில்லை.

அதே 2014இல் கலிஃபோர்னியாவில் கொடும் வறட்சி. வீட்டு முற்றத்துப் புல் காய்ந்தால் அபராதம் என்று குடியிருப்புச் சங்கங்கள் ஒரு பக்கம். தண்ணீரை வீணாக்கினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் என்று மாநில நீர் வாரியம் மறுபக்கம்! நடுவில் அகப்பட்ட குடும்பஸ்தன் வர்ணக்காரனைத் தேடி ஓடினான். கடைசியில், வறட்சிக் காலத்தில் நீர் பாய்ச்சாததற்காகச் சங்கங்கள் அபராதம் போடக்கூடாது என்று அந்த ஜூலையிலேயே சட்டம் செய்தார்கள். பழுப்பாக இருப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், பச்சையின் ஆணவம் எவ்வளவு என்று பாருங்கள்!

தொழிலாளி என்ற முறையில் நமக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. பனிக்காலக் காற்றில் சாயத்தைத் தெளிக்கிறவன் சீமான் அல்ல, கூலிக்காரன். அவனுக்குக் கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் கொடுக்கிறார்களா? இது முதல் கேள்வி. விதைக்கும் வெட்டுக்கும் ஆன செலவு மிச்சம் என்கிறார்கள். அந்த மிச்சம், வெட்டுகிறவனின் வேலை நேரத்தைக் குறைத்துச் சேர்த்த மிச்சமா, அல்லது அவன் கூலியிலும் சேருமா? இது இரண்டாவது.

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

ஒன்று, குளிர்காலத்தில் புல் உறங்கட்டும். பழுப்பைப் பார்க்கப் பழகுங்கள்.

இரண்டு, கண் கூசுகிறது என்றால் சாயம் அடித்துக்கொள்ளுங்கள். அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. அதைத் தெளிப்பவனின் உடலுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள்.

மூன்று, மிச்சமான தண்ணீரைக் கணக்கில் காட்டுங்கள். அதை இன்னொரு மைதானத்துக்குத் திருப்பாதீர்கள். ஆற்றில் விடுங்கள், மிச்சமான பணத்தில் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய் போடுங்கள்.

உறங்கும் புல்லின் வேருக்கு வசந்தம் தானாக வரும். நஞ்சுநீர் குடிக்கும் வீட்டுக்கு நல்ல தண்ணீர் தானாக வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்கிறவன் கையில் சாயமே ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறது:

வர்ணமே போதும் என்றால், வெள்ளம் எதற்கு?