ஊசிக்கும் மருந்துக்கும் ஜோடிப் பொருத்தம்

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின் நான்தான் போட்டு விடுகிறேன். இதுவரை சிவப்பு மூடி ஊசி. இந்தத் தடவை கடையில் ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: போடாதீர்கள், சகோதரி! குப்பியின் லேபிளைப் பாருங்கள். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 20 யூனிட் என்றால் அரை மில்லி. சிவப்பு மூடி ஊசியில் அதற்கென்றே கோடு போட்டிருக்கிறது. ஆரஞ்சு மூடியோ மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு. அதில் 20-ம் கோடு வரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும். உள்ளே போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறிவிடும்.

தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட்! மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து.

மனக்கணக்குப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். ஊசியையே மாற்றி வாங்குங்கள். ஏற்கெனவே குறைவாகப் போட்டிருந்தால், நீங்களாக இன்னொரு ஊசி போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா? தினமும் அதைப் பார்த்த பிறகே மருந்தை இழுங்கள்.