ஞாயிற்றுக்கிழமை வந்த செவ்வாய்

புத்தகமாகப் படித்த கதையை நாடகமாகவோ சினிமாவாகவோ பார்த்துவிட்டு வருகிறவர்களை விசாரித்துப் பாருங்கள். "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வருமா?" என்று பத்துக்கு ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். வாசகர்களே, இந்த வாரம் அந்தப் பல்லவியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மூலக் கதையால் செய்ய முடியாத ஒரு காரியத்தை ஒரு வானொலி நாடகம் செய்துவிட்டது. அந்த நாடகம் கை நழுவ விட்ட காரியம் ஒன்றும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

கதையை எழுதியவர் இங்கிலாந்தின் எச். ஜி. வெல்ஸ். நாடகத்தை நடத்தியவர் அமெரிக்காவின் ஆர்ஸன் வெல்ஸ். உறவு ஒன்றும் இல்லை. இங்கிலீஷில் எழுதினால் இரண்டு பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். தமிழில் அந்த வித்தியாசமும் இல்லை! ஆகவே முன்னவரைப் பெரியவர் என்றும், நாடகம் நடந்தபோது 23 வயதே ஆகியிருந்த பின்னவரைச் சின்னவர் என்றும் வைத்துக்கொள்வோம்.

பெரியவரின் "உலகங்களின் யுத்தம்" 1897-ல் தொடர்கதையாக வந்து, 1898-ல் புத்தகமாயிற்று. செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் பெரிய உருளைகளில் வந்து, லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊரின் பக்கத்துப் பொட்டலில் இறங்குகின்றன. முக்காலி மாதிரியான ராட்சத யந்திரங்களில் ஏறிக்கொண்டு, வெப்பக் கதிராலும் கறுப்புப் புகையாலும் ஊர் ஊராக நாசம் செய்கின்றன. பீரங்கிகளுக்கு அடங்காத அந்தக் கூட்டம் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் மடிகிறது.

பெரியவர் அந்த வோக்கிங்கிலேயே குடியிருந்தவர். சைக்கிளில் சுற்றிக்கொண்டு, எந்த இடத்தை அழிக்கலாம், யார் யாரைத் தீர்த்துக் கட்டலாம் என்று குறித்து வைத்துக்கொண்டாராம். அண்டை வீட்டுக்காரர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது! நாடகத்தை எழுதிய ஹோவர்ட் கோச் அவ்வளவு சிரமப்படவில்லை. நியூஜெர்ஸி மாகாணத்தின் சாலை வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தாராம். முனை பட்ட இடம் கிரோவர்ஸ் மில் என்ற குக்கிராமம். வந்தது வினை!

ஆனால் பெரிய வித்தியாசம் ஊரில் இல்லை. புத்தகத்தில் கதை சொல்கிறவர் எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதுகிறார். ஆகவே, எத்தனை ஆபத்து வந்தாலும் மனுஷர் பிழைத்துக்கொள்வார் என்று நமக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. காலட்சேபத்தில் பாகவதர் லங்கா தகனம் சொல்லும்போது, பந்தலுக்குத் தீப்பிடிக்கும் என்று யாராவது பயப்படுகிறார்களா? சின்னவர் என்ன செய்தார் தெரியுமா? பந்தலுக்கே தீ வைத்துவிட்டார்.

1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. இது நாடகம் என்று தொடக்கத்தில் முறைப்படி அறிவித்துவிட்டார்கள். பிறகு வானிலை அறிக்கை. அப்புறம் ஒரு ஹோட்டலிலிருந்து நடன சங்கீதம். பாட்டு நடுவில் நிற்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் வெடிப்புகள் தெரிந்ததாக ஒரு செய்தி. மறுபடியும் பாட்டு. மறுபடியும் செய்தி. சங்கீதம் வேண்டுமென்றே சுமாரானது. 'இதை நிறுத்திச் செய்தியைச் சொல்லுங்களேன்' என்று நம் மனசு தவிக்கிறது!

நிருபர் கிரோவர்ஸ் மில்லுக்கு வந்துவிடுகிறார். அந்த வேஷத்தில் நடித்த பிராங்க் ரீடிக், 1937 மே மாதத்தில் இதே நியூஜெர்ஸியில் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது ஒரு வர்ணனையாளர் கதறியதன் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினார். வெப்பக் கதிர் பாய்கிறது. ஜனங்களின் ஓலம். நிருபர் விவரித்துக்கொண்டே இருக்கிறார். சட்டென்று சத்தம் அறுந்துபோகிறது. சில விநாடிகள் ஒன்றுமே இல்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு வரி கூடப் புத்தகத்தில் கிடையாது என்பேன். அச்சில் காலி இடம் விட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். வானொலி மௌனமானால் மூச்சு நின்றுவிடுகிறது.

நேரக் கணக்கில் கொஞ்சம் மோசடி உண்டு. 11 மைல் தூரத்தைப் 10 நிமிஷத்தில் கடந்து வந்ததாக அந்த நிருபர் சொல்கிறார். முதல் 40 நிமிஷத்துக்குள் ராணுவம் தோற்று, நியூயார்க் விழுந்து, காற்றலையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் ஓர் ஒற்றைக் குரல்தான் மிஞ்சுகிறது. யோசிக்க அவகாசம் கொடுத்தால்தானே நாம் கணக்குப் பார்ப்போம்?

அங்கேதான் நாடகத்தின் நஷ்டமும் இருக்கிறது. பெரியவர் தம் நாட்டாரை யோசிக்கச் சொன்னார். செவ்வாய்க்காரர்களைக் குறை கூறுமுன், டாஸ்மேனியத் தீவின் பூர்வ குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே குத்திக் காட்டினார். சாம்ராஜ்யத்தின் தலைநகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய வார்த்தை அது! வானொலியில் அந்தக் குத்தல் இல்லை. அவசரச் செய்தி வாசிக்கிறவர் மனசாட்சியைப் பற்றிப் பேச முடியுமா? படையெடுத்து வருகிறவன் அந்நியன், நாம் நிரபராதிகள், அவ்வளவுதான். ஐரோப்பாவில் யுத்த மேகம் சூழ்ந்திருந்த மாதங்கள் அவை. கேட்டவர்களில் சிலர் வந்திருப்பது செவ்வாய்க்காரர்கள் என்று கூட நினைக்கவில்லை. ஜெர்மானியர் என்று நினைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அது பெரும்பாலும் மிகை என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்களின் முடிவு. பலர் மிரண்டதும், டெலிபோன்கள் ஓயாமல் அலறியதும் வாஸ்தவம். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலோர் வேறு நிலையத்தில் ஒரு பேசும் பொம்மையின் ஹாஸ்யத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பர வரும்படியை வானொலி பங்கு போட வந்துவிட்டதே என்று பத்திரிகைகளுக்கு வயிற்றெரிச்சல் வேறு! நிஜமான விபரீதம் நடந்தது 1949 பிப்ரவரியில், ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரத்தில். அங்கே இதே கதையை ஸ்பானிய பாஷையில் உள்ளூர் நாடகமாக ஒலிபரப்பினார்கள். பயந்து ஓடிய ஜனங்கள், வெறும் நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரம் தாங்காமல் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். உயிர்ச் சேதமும் ஆயிற்று.

சின்னவரின் நாடகத்துக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, இன்றைக்கும் கேட்கலாம். கேட்டால் பாதியில் எழுந்துவிடாதீர்கள். பின்பாதியில் ஆரவாரமெல்லாம் ஓய்ந்து, பாழாய்ப் போன ஊர்களின் வழியே ஒரு பேராசிரியர் தனியாக நடக்கிறார். சின்னவரே அந்தக் குரல். பரபரப்பு போதாது என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கென்னவோ, பெரியவரின் புத்தகம் மெல்ல உள்ளே வந்து உட்காருவது இங்கேதான் என்று படுகிறது.

நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பெரியவருக்குக் கோபம் வந்தது. இப்படி மாற்ற யார் அனுமதி கொடுத்தார்கள் என்று ஆட்சேபித்தார். 1940 அக்டோபரில் டெக்ஸாஸின் ஸான் அன்டோனியோ நகரத்து வானொலி நிலையத்தில் இருவரும் சந்தித்தபோது கோபம் ஆறியிருந்தது. அமெரிக்கர்கள் நிஜமாகவே பயந்தார்களா, அல்லது பயந்த மாதிரி விளையாடினார்களா என்று பெரியவர் சந்தேகப்பட்டார். யுத்தம் இன்னும் உங்கள் வாசலுக்கு வரவில்லை, அதனால்தான் பயங்கரத்தை வைத்து உங்களால் விளையாட முடிகிறது என்ற பொருளில் சொன்னார். அவருடைய லண்டன் நகரத்தில் அந்த மாதம் இரவுதோறும் ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.