பார்வையாளர் இருக்கை மட்டும் போதாது

பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு பள்ளியின் முடிவுகள் எங்கே எடுக்கப்பட வேண்டும், அவற்றை எடுப்பவர்களை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019ஆம் ஆண்டில் தெளிவாக விடையளித்தது. இரண்டாவதை இன்றுவரை சார்ட்டர் பள்ளிகளின் விருப்பத்துக்கே விட்டு வைத்திருக்கிறது. முதல் விடை சரியானது என்பதாலேயே இரண்டாவதைத் தள்ளிப்போடுவதற்கு இனி நியாயமில்லை.

சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியில், மாணவரிடம் கட்டணம் பெறாமல் நடந்தாலும், உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் அன்றாட நிர்வாகத்துக்கு வெளியே, தன் கல்வி இலக்குகளையும் நிர்வாக அமைப்பையும் வகுத்துக்கூறும் ஒரு சாசனத்தின்படி இயங்கும் பள்ளியாகும். 1991இல் மினசோட்டாவும் அதற்கு அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவும் இதற்குச் சட்டம் இயற்றின. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பள்ளி மாவட்டத்தில் ஆளும் குழுவின் ஏழு உறுப்பினர்களையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். கலிஃபோர்னியாவின் சார்ட்டர் பள்ளிகளோ பெரும்பாலும் இலாப நோக்கற்ற நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே பள்ளியின் ஆளும் குழு. அதில் இடம் காலியானால் எஞ்சிய உறுப்பினர்களே புதியவரை நியமித்துக்கொள்வது பரவலான வழக்கம். சாசனம் வழங்கிய பள்ளி மாவட்டத்துக்கு அக்குழுவில் ஒரு பிரதிநிதியை அமர்த்தும் உரிமை உண்டு. பெற்றோருக்கு அத்தகைய உரிமையைச் சட்டம் தரவில்லை. பெற்றோரின் பங்கேற்புக்கு என்ன வழி செய்யப்படும் என்பதைச் சாசன விண்ணப்பத்தில் விவரித்தால் போதும்.

இப்படி அமைந்த குழு கதவைத் திறந்து வைத்துக் கூட வேண்டுமா என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் முன்னிலையில்தான் கூட வேண்டும் என்று விதிக்கும் பிரவுன் சட்டம், உள்ளாட்சிக் குழுக்களின் இரகசியக் கூட்டங்களைச் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழ் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தியதன் விளைவாக 1953இல் பிறந்தது. சார்ட்டர் பள்ளிகளையும் இதன்கீழ் வெளிப்படையாகக் கொண்டுவர முனைந்த மசோதாக்களை 2014இலும் 2016இலும் அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். அவரே ஓக்லண்டில் இரண்டு சார்ட்டர் பள்ளிகளைத் தொடங்கியவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 2018 டிசம்பரில் மாநிலத் தலைமை வழக்குரைஞர் பிரவுன் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று கருத்துரைத்தார். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் சார்ட்டர் பள்ளிகளின் பெருக்கத்தைப் பொது விவாதமாக்கியது. 2019 மார்ச்சில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம் ஐயத்துக்கு இடமின்றி வழக்கை முடித்து வைத்தது.

இச்சட்டத்தின் பயன் சிறியதன்று. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பும் நிகழ்ச்சி நிரல் வெளியிடப்பட வேண்டும். அந்த நிரலில் இல்லாத பொருள்மீது, மிக அரிய விலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. குழு ஒரு பொருளைத் தீர்மானிக்கும் முன் பொதுமக்கள் அதைப்பற்றிப் பேச வாய்ப்பளிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசுவோருக்கு இருமடங்கு நேரம் தர வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவரிடம் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ பேசிக் கூட்டத்துக்கு வெளியே உடன்பாட்டுக்கு வருவதும் விதிமீறலே. வழக்கு, பணியாளர் நியமனம், நிலப் பேரம் போன்ற சில விவகாரங்களுக்கு மட்டும் மூடிய அமர்வு, அதாவது பொதுமக்களை வெளியே நிறுத்தி நடத்தும் கூட்டம், அனுமதிக்கப்படுகிறது. மாநிலத்தின் உட்பிரிவுகளான கவுன்டிகள் பலவற்றில் பள்ளி நடத்தும் நிறுவனம் தன் குழுக் கூட்டங்களைப் பதிவு செய்து ஒவ்வொரு பள்ளியின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். தமக்குப் பண ஆதாயம் உள்ள ஒப்பந்தத்தில் உறுப்பினர் பங்குகொள்ளக் கூடாது என்ற விதியும் இதே சட்டத்தால் உறுதியானது. அவ்விதி எவ்வளவு தேவையானது என்பது இரண்டே மாதங்களில் தெரிந்தது: இணையவழி சார்ட்டர் பள்ளிகளின் வலையமைப்பு ஒன்றை நடத்தியவர்கள் உள்ளிட்ட 11 பேர், 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட பொதுப்பணத்தைத் தம்முடன் தொடர்புடைய நிறுவனங்களுக்குத் திருப்பினர் என்று சான் டியேகோவில் குற்றம் சாட்டப்பட்டனர், அவர்களில் முதன்மையான இருவர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

ஆயினும் கூட்டத்துக்கு வந்து, நிரலைப் படித்து, தனக்கு ஒதுக்கிய சில நிமிடங்களில் எதிர்ப்பைச் சொல்லிவிட்டு அமரும் பெற்றோருக்கு அதற்குமேல் எந்த அதிகாரமும் இல்லை. குழு அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே தயாரித்து வைத்த தீர்மானத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் நிறைவேற்றலாம். அது முழுக்கச் சட்டப்படியானதே. பள்ளி மாவட்டக் குழு அப்படிச் செய்தால் அடுத்த தேர்தலில் அதற்கு விலை கொடுக்க நேரலாம். தன்னைத்தானே நியமித்துக்கொள்ளும் குழுவுக்கு அந்த அச்சமில்லை. வெளிப்படைத்தன்மை பொறுப்புக்கூறலின் முதற்படிதான். தவறு செய்தவரை மாற்றும் வழி இல்லாத இடத்தில் அது தவறைக் காண்பிப்பதோடு நின்றுவிடுகிறது.

பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் உரிமையே பெற்றோரின் வலிமையான ஆயுதம், அதனுடன் மாணவருக்கான நிதியும் வெளியேறுவதால் குழு கவனித்தே தீரும் என்பது சார்ட்டர் ஆதரவாளர்களின் வாதம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் கல்வியாண்டின் நடுவில் பிள்ளையைத் தோழர்களிடமிருந்து பிரிக்கும் துன்பம் குழுவைச் சேர்வதில்லை, குடும்பத்தையே சேர்கிறது. காரும் ஓய்வு நேரமும் இல்லாத குடும்பத்துக்கு அந்த ஆயுதம் எட்டுவதுமில்லை. தேர்தல் வைத்தால் பணபலமும் சங்கபலமும் புகுந்துவிடும் என்ற மறுப்பு இன்னும் கனமானது. 2017இல் நடந்த லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக் குழுத் தேர்தல், ஆசிரியர் சங்கமும் சார்ட்டர் ஆதரவாளர்களும் போட்டியிட்டுச் செலவழித்ததால், அதுவரை அந்நாட்டில் நடந்த பள்ளிக் குழுத் தேர்தல்களிலேயே அதிகச் செலவு பிடித்ததாயிற்று. எனினும் நகரம் முழுவதும் வாக்களிக்கும் தேர்தலுக்கும் ஒரு பள்ளியின் பெற்றோர் மட்டும் வாக்களிக்கும் தேர்தலுக்கும் இடைவெளி பெரிது.

சார்ட்டர் சிந்தனையை முதலில் சட்டமாக்கிய மினசோட்டாவே இதற்குச் சான்று. அங்கே ஆளும் குழுவில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர், பள்ளியில் பணியோ பிள்ளையோ இல்லாத ஊரார் ஒருவர் இருந்தாக வேண்டும். பெற்றோரும் பணியாளரும் வாக்களித்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். கணக்கும் சட்டமும் அறிந்தவர் தேர்தலில் வரமாட்டார் என்ற கவலைக்கும் அம்மாநிலம் விடை வைத்திருக்கிறது: நிர்வாகம், பணியாளர் விவகாரம், நிதி ஆகியவற்றில் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயம்.

கலிஃபோர்னியா அவ்வளவு தூரம் ஒரே அடியில் செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சார்ட்டர் குழுவிலும் குறைந்தது இரண்டு இடங்களைப் பெற்றோரின் இரகசிய வாக்கெடுப்பால் நிரப்ப வேண்டும் என்றும், பல பள்ளிகளை நடத்தும் நிறுவனமாயின் அவ்விருவரும் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றும் சட்டமன்றம் விதிக்க வேண்டும். சாசனங்கள் காலவரம்பு உடையவை. அவை புதுப்பிக்கப்படும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்தால், இயங்கிக்கொண்டிருக்கும் எந்தப் பள்ளியும் இடைநடுவில் குலையாமல் மாற்றம் படிப்படியாக நடைபெறும்.