'இல்லை' என்று எழுதலாமா?

"வேற்றுக்கிரகத்தில் யாருமே இல்லை சார். இருந்தால் இத்தனை வருஷத்தில் அகப்பட்டிருக்க மாட்டார்களா?" என்று காலை நடையில் நண்பர் அடித்துச் சொன்னார். நான் ஒப்பவில்லை.

1960-ல் அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் ரேடியோ தொலைநோக்கியால் காது கொடுத்தது இரண்டே நட்சத்திரங்களுக்கு. நம் பால்வீதியில் இருப்பவையோ 10,000 கோடிக்குக் குறையாது. பிறகு தேடியதும் அதில் சொற்பம்தான். 1974-ல் அரெசிபோவிலிருந்து நாம் அனுப்பிய செய்தி போய்ச் சேரவே சுமார் 25,000 வருஷம் ஆகும். அதற்குள் தீர்ப்பா?

குமாஸ்தாவாக இருந்தபோது ஒரே ஒரு அலமாரியைப் பார்த்துவிட்டு, 'கோப்பு இல்லை' என்று நானும் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு விதவையின் பென்ஷன் எட்டு மாதம் நின்றது. கோப்பு அடுத்த அலமாரியில் இருந்தது.

'இதுவரை கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'இல்லை' என்று எழுத, மற்ற அலமாரிகளையும் திறக்க வேண்டும்.