பாட்டியின் குரலும் பேரனின் நிரலும்

பிறந்த மண்ணை விட்டு மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியமர்ந்த நம் இல்லங்களில் முதியோரின் குரல் ஒரு பெருஞ்செல்வம். அவர்கள் பாடிய தாலாட்டும், சொல்லிய கதையும், அவர்தம் நாவில் இயல்பாகத் தவழும் ழகரமும் ஏட்டில் அடங்குவன அல்ல. முன்னாளில் அவற்றை ஒலிநாடாவில் பதிந்து வைத்தோம். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் சேர்த்து வருகிறோம். அப்பதிவுகளை வெட்டவும் ஒட்டவும் ஓசையை உயர்த்தவும், பைத்தான் மொழி பயிலும் நம் பிள்ளைகள் தாமே நிரல் எழுத முற்படுகின்றனர். இவ்வார்வம் பாராட்டத்தக்கதே. எனினும் தொடக்கத்தில் நிரல் முரண்டு பிடிப்பதும், சிற்சில வேளைகளில் பதிவே பாழாவதும் உண்டு. ஆதலின் இத்திங்கள் அப்பிழைகளின் காரணங்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் காண்போம்.

எல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்றுண்டு. நிரலில் ஒரு கோப்பை 'ஆர்பி' என்ற குறியோடு திறந்தால் அது படிப்பதற்கு. 'டபிள்யூபி' என்ற குறியோடு திறந்தால் எழுதுவதற்கு. இவ்விரண்டாம் முறையில் பழைய கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டால், திறந்த அக்கணமே அதன் உள்ளடக்கம் முழுதும் அழிந்துவிடும். பின்னர் ஓர் எழுத்தும் எழுதாது நிறுத்தினாலும் போனது போனதுதான். ஆகவே மூலப்பதிவுக்குப் படியெடுத்து வேறோரிடத்தில் வைத்த பின்னரே நிரலைத் தொடங்குதல் வேண்டும். விளைவையும் புதுப்பெயரிலேயே சேமித்தல் வேண்டும். மறைந்தவரின் குரலை மீண்டும் பதிய இயலாது அன்றோ!

இனி, ஒலிக்கோப்பின் உள்ளே இருப்பது யாது? 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'வேவ்' என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் எண்களின் வரிசையே. குறுந்தகட்டின் தரத்தில், ஒரு நொடி ஒலிக்கு ஒவ்வொரு தடத்திலும் 44,100 எண்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் −32,768 முதல் 32,767 வரையுள்ள ஏதேனும் ஒன்று. அதற்கு இரண்டு பைட் இடம் வேண்டும். இவ்வெண்களுக்கு முன்னே, வழக்கமாக 44 பைட் அளவில், ஒரு தலைப்பகுதி நிற்கும். அஞ்சல் உறையின் மேல் முகவரி எழுதியிருப்பது போல, தடங்கள் எத்தனை, நொடிக்கு எண்கள் எத்தனை, ஓர் எண்ணுக்குப் பைட் எத்தனை என்னும் விவரங்கள் அதில் உள்ளன. தொடக்க நிலையில் நேரும் பிழைகளுள் பல இத்தலைப்பகுதியை நோக்காமையால் விளைவனவே.

முதலாவது, கோப்பே திறவாமை. 'ரிஃப்' என்னும் குறியோடு கோப்பு தொடங்கவில்லை என்று பிழைச்செய்தி வந்தால், அது வேவ் கோப்பு அன்று என்பது பொருள். எம்பி3 கோப்பின் பெயரின் ஈற்றை மட்டும் மாற்றி வேவ் ஆக்கிவிட்டதாகக் கருதுவோர் உளர். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. ஊரிலிருந்து வாட்ஸ்அப் வழியே வரும் குரற்செய்தியும் 'ஓபஸ்' என்னும் வேறு வகையினது. 'எஃப்எஃப்எம்பெக்' போன்ற இலவசக் கருவியால் அதனை முறையாக வேவ் வகைக்கு மாற்றிய பிறகே நிரலிடம் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, குரல் மாறிப்போதல். நொடிக்கு 44,100 எண்கள் கொண்ட பதிவை, 22,050 என்று தலைப்பில் எழுதிச் சேமித்தால், ஒரு நிமிடப் பாட்டு இரண்டு நிமிடம் ஓடும். சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பாட்டியின் குரல் ஆண்குரலாய்க் கேட்கும். மாறி எழுதினால் கீச்சுக்குரலாகும். இருதடப் பதிவில் இடம், வலம் என எண்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அதனை ஒருதடம் என்று குறித்தாலும் பாட்டு இவ்வாறே இழுபடும். மூலக்கோப்பின் விவரங்களை நிரலே படித்து, அவற்றையே புதுக்கோப்பிலும் எழுதுமாறு செய்தால் இக்குறை நீங்கும்.

மூன்றாவது, ஓசையை உயர்த்துவதில் நேர்வது. பைத்தானின் வேவ் கருவி தருவது எண்கள் அல்ல, பைட்களின் கோவை. அதனை இரண்டால் பெருக்கினால் ஓசை உயராது. பாட்டு இருமுறை ஒலிக்கும்! 'நம்பை' கொண்டு எண்களாக மாற்றிப் பெருக்கினாலும் ஓர் இடர் உண்டு. 20,000 இரட்டித்தால் 40,000. அஃது எல்லைக்கு அப்பாற்பட்டது. கணினி முறையிடாது அதனை −25,536 எனச் சுருட்டிவிடும்; காதில் கரகரவென்று விழும். எண்களை முதலில் பெரிய அளவுக்கு மாற்றிப் பெருக்கி, எல்லையைத் தாண்டுவனவற்றை எல்லையிலேயே நிறுத்தி, பின்னர்ப் பழைய அளவுக்குக் கொணர்தல் முறையாகும்.

நான்காவது, வெட்டுமிடத்துப் பிழை. பத்தாம் நொடியிலிருந்து பதினைந்து நொடி வேண்டுமெனில், எண்வரிசையில் 4,41,000ஆம் இடத்துக்குச் சென்று 6,61,500 இடங்களைப் படித்தல் வேண்டும். ஈண்டு ஓர் இடம் என்பது எல்லாத் தடங்களின் எண்களும் சேர்ந்தது. இதனை மறந்து பைட் கணக்கில் வெட்டி, ஓர் எண்ணின் நடுவே கத்தி பட்டால், பாட்டுக்கு மாறாகப் பேரிரைச்சலே எழும். சரியாக வெட்டினாலும் முனையில் 'டக்' என்னும் ஒலி கேட்பதுண்டு. முதல் 441 எண்களைச் சுழியிலிருந்து படிப்படியாக உயர்த்தி, இறுதி 441 எண்களை அவ்வாறே தாழ்த்தினால் அது மறையும்.

மற்றொன்று: பழைய பாடங்களில் 'ஆடியோஆப்' என்னும் துணைக்கருவியைக் காணலாம். 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது. அப்பாடத்தைப் பார்த்து எழுதிய நிரல் ஓடாவிடின் பிள்ளையின் அறிவைக் குறை கூறற்க.

பிழை தேடும் முறையும் எளிதே. தலைப்பு விவரங்களை முதலில் திரையில் அச்சிட்டுப் பார்க்க. மொத்த இடங்களை நொடி அளவால் வகுத்து, வரும் நேரத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுக. ஐந்து நொடித் துண்டில் சோதித்த பின்னரே முழுப்பதிவைத் தொடுக. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக.

நிறைவாகப் பெற்றோர்க்கும் ஒரு சொல். மேலே கண்ட பிழைகளுள் பல பிழைச்செய்தி யாதும் தாராமல் நிகழ்வன. கணினியின் நோக்கில் நிரல் செவ்வனே முடிந்தது, குரலோ மாறிவிட்டது. அம்மாற்றத்தை அறிய வல்லது அக்குரலோடு வாழ்ந்தவரின் செவி ஒன்றே. எனவே பிள்ளை நிரலை முடித்ததும் அருகமர்ந்து கேளுங்கள். 'பாட்டி இப்படிப் பாடமாட்டார்' என்று நீங்கள் கூறும் ஒரு சொல், அவன் எழுதும் எச்சோதனையினும் சிறந்த சோதனையாகும்.