ரிப்போர்ட்டில் ஒரு ப்ளஸ்

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் ப்ரைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். கைகால் வீங்கி வருகிற நோயாளிகளின் சிறுநீரை ஒரு ஸ்பூனில் ஏந்தி மெழுகுவத்தியில் காட்டுவார். சில பேருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்து கட்டியாகும். அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் கிட்னி கெட்டுப்போயிருக்கும். பல சமயம் சுருங்கி, இறுகி, சொரசொரவென்று. திரிகிற சிறுநீருக்கும் கெட்ட கிட்னிக்கும் உள்ள இந்த முடிச்சை 1827-ல் புத்தகமாகப் போட்டார். ரொம்ப நாளைக்கு அந்த வியாதிக்கே 'ப்ரைட் வியாதி' என்றுதான் பெயர். (அந்த ஸ்பூனைத் தனியாக வைத்திருந்தார் என்று நம்புவோம்.)

அதே ஸ்பூன்தான் இன்றைக்கு உங்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'யூரின் ஆல்புமின்' என்று ஒற்றை வரியாக உட்கார்ந்திருக்கிறது. மெழுகுவத்திக்குப் பதில் நிறம் மாறும் பட்டை, அவ்வளவுதான். நம் ஆட்கள் முதலில் பார்ப்பது கொலஸ்ட்ரால், அடுத்து ஷுகர். இரண்டும் சுமாராக இருந்தால் கவரை டிராயரில் போட்டுவிட்டு கேன்டீனுக்கு இறங்கிவிடுவார்கள். என் பக்கத்து சீட்காரருக்கு ஆல்புமினுக்கு எதிரே ஒரு ப்ளஸ் இருந்தது. ''ப்ளஸ்தானே ஸார், மைனஸ் இல்லையே!'' என்றார். வயசு 34.

அந்த ப்ளஸ் என்ன சொல்கிறது? நம் கிட்னி இரண்டும் சேர்ந்து கால் கிலோ சொச்சம். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் ஃபில்டர்கள். ஒவ்வொரு ஃபில்டரும் மெல்லிய ரத்தக்குழாய்களால் சுற்றிய குட்டி நூல்கண்டு. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் கிட்டத்தட்ட 178-ஐத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் வெளியே அனுப்புகின்றன. ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் புரோட்டீன் வெளியே தப்பாது. சேதமானால் ஒழுகும். சேதம் தொடர்ந்தால் தழும்பு.

முழங்கால் தழும்பு பரவாயில்லை, மேலே பேன்ட் இருக்கிறது. ஃபில்டர் தழும்பாகிவிட்டால் அதற்கு ரிட்டயர்மென்ட். எக்ஸ்டென்ஷன் கிடையாது. புது அப்பாயின்ட்மென்ட்டும் கிடையாது, பிறந்தபின் நமக்குப் புது ஃபில்டர் முளைப்பதில்லை.

மற்ற ஃபில்டர்கள் என்ன செய்யும்? பாஸ்டனில் பாரி ப்ரென்னர் என்ற டாக்டரும் சகாக்களும் 1982-ல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். வி.ஆர்.எஸ். அறிவித்த ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் செக்ஷனில் நாலு பேர் போய்விட்டார்கள். மிச்ச ஆறு பேர் பத்துப் பேர் ஃபைலையும் தள்ளுகிறார்கள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், எதுவும் தேங்கவில்லையே! ஆனால் அந்த ஆறு பேருக்குள்ளும் பிரஷர் ஏறுகிறது. அதில் ஒருவர் படுக்கிறார். ஐந்து பேர். அப்புறம் நாலு. ஃபில்டர்களுக்கும் இதே கதி. முதலில் தழும்பு விழுந்த காரணம் போன பின்னும் தழும்பு தானாகப் பரவுவது இதனால்தான். பாதி ஃபில்டர் போகும்வரை ரத்தத்தில் கிரியாட்டினின் பெரும்பாலும் 'நார்மல்' என்றே காட்டும். வலி இருக்காது. முதுகு வலித்தால்தான் கிட்னி என்று யாரோ கிளப்பிவிட்டது. கல் அடைத்தால் வலிக்கும், தழும்பு வலிக்காது.

காரணங்களில் முதல் இரண்டு இடம் ஷுகருக்கும் பி.பி.க்கும். அப்புறம் சின்ன வயசில் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி வந்த இன்ஃபெக்‌ஷன், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் கிட்னியையே தாக்குவது, அளவுக்கு மீறிய எடை, வருஷக்கணக்கில் வலி மாத்திரை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஃபில்டர்களில் தழும்பு விழும் 'எஃப்.எஸ்.ஜி.எஸ்.' என்று ஒன்று உண்டு. வாலிபர்களையும் விடாது. அலோன்சோ மோர்னிங் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர், ஆறடி பத்தங்குலம். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கி ஊர் திரும்பினால் கால் வீக்கம். அவருக்கு வந்தது இதுதான். வயசு 30. 2003-ல் சொந்தக்காரர் ஒருவர் கிட்னி கொடுத்தார். மறுபடி பந்தைத் தூக்கி 2006-ல் மயாமி ஹீட் டீமோடு சாம்பியனும் ஆனார். எல்லாருக்கும் அப்படி ஒரு சொந்தக்காரர் வாய்ப்பதில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். விழுந்த தழும்பை அழிக்கிற மாத்திரை இன்றுவரை கிடையாது. எதிர்ப்பு சக்தி செய்யும் வம்பு என்றால் ஸ்டீராய்டு மாதிரி மருந்துகள் உண்டு. பயாப்ஸி பார்த்துத்தான் தருவார்கள். மற்றபடி குறி ஒன்றுதான், மிச்ச ஃபில்டர்களின் பிரஷரைக் குறைப்பது. இதற்கு முதல் உபகாரி ஒரு பாம்பு! பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் பி.பி. சரிந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்த வழியில் பிறந்தது கேப்டோப்ரில் மாத்திரை. 1981-ல் அமெரிக்காவில் பி.பி.க்காக அனுமதி பெற்றது. ஃபில்டரிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள் பிரஷரை இறக்குகிறது. இன்சுலினில் இருந்த 409 ஷுகர்காரர்களிடம் சோதித்து 1993-ல் முடிவு வெளியானது. மரணம், டயாலிசிஸ், மாற்றுக் கிட்னி மூன்றும் சேர்ந்த ஆபத்து பாதியானது. ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் எல்லாம் இந்த வம்சமும் பங்காளிகளும்தான். ஆரம்பித்தபின் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வார்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த ஆள் டாபாக்ளிஃப்ளோசின். ஷுகர் மாத்திரையாக வந்தது. இது உள்ளே வரும் குழாயை இறுக்குகிறது. 2020-ல் வெளியான பெரிய சோதனையில் 4,304 பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு ஷுகரே இல்லாதவர்கள். கிட்னி மோசமாவது, கிட்னியாலோ இதய-ரத்தக்குழாய் நோயாலோ வரும் சாவு எல்லாம் சேர்ந்த ஆபத்து 39 சதவிகிதம் குறைந்தது. அதே வருஷம் இந்தியாவில் முதல் காப்புரிமை முடிந்து, நம் கம்பெனிகள் களத்தில் இறங்க, விலையும் இறங்கியது.

பக்கத்து சீட்காரரை விட்டுவிட்டேன். காய்ச்சலிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பின்னும் ப்ளஸ் வரலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். 'ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம்' என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இவருக்கு 420. பி.பி. 156/98. தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை தினம் பைக். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், இரண்டு வருஷமாக. டாக்டர் முதலில் அதைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் டெல்மிசார்ட்டான், அப்பளம் ஊறுகாய்க்குத் தடை. ஆறு மாசத்தில் 420 இப்போது 140. வீட்டில் மூன்று வயசுப் பெண் இருக்கிறாள். ப்ளஸ் மைனஸ் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர் டேபிள் நண்பர், ''வாழைத்தண்டு ஜூஸ் குடித்தால் தழும்பு கரையுமா ஸார்?'' என்றார். கரையாது. பொரியல் பண்ணினால் நன்றாக இருக்கும். ''இளநீர்?'' கிட்னி நன்றாக இருப்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ரொம்பத் தளர்ந்த கிட்னியால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. இளநீரில் அது ஏராளம். ஏறினால் இதயத் துடிப்பே தப்பும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஸ்ட்ராவைத் தொடக்கூடாது.