எந்தத் துவக்கென்று யார் பார்க்கப்போகிறார்கள்?

சில வாரங்களுக்கு முன்னர் உரும்பிராயில் எமது வீட்டுக்கு இளைஞர் ஒருவர் வந்திருந்தார். தாம் எடுத்து முடித்த குறும்படமொன்றை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே எமது பகுதியில் சண்டை மூண்டபோது, வீட்டைவிட்டு வெளியேற மறுத்த ஒரு மூதாட்டியின் கதை. நன்றாகவே எடுத்திருந்தார். ஆனால், படத்தில் வரும் இந்தியச் சிப்பாய்கள் எல்லோருடைய கையிலும் வளைந்த ரவைக்கூடு பொருத்திய ஏ.கே. ரகத் துவக்குகள். பலகையில் செதுக்கிக் கறுப்பு மை பூசியவை.

"தம்பி, அவையளிட்டை இருந்தது எஸ்.எல்.ஆர். நீட்டுத் துவக்கு. ஏ.கே. மற்றப் பக்கத்திட்டையெல்லோ இருந்தது" என்றேன்.

"ஐயா, எந்தத் துவக்கெண்டு ஆர் பாக்கப்போகினம்?" என்று சிரித்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூறாண்டுகளுக்கு முந்திய பேசாப்படங்கள் இரண்டு நினைவுக்கு வந்தன.

பேசாப்படத்தில் துவக்குக்குச் சத்தம் கிடையாது. அதன் உருவமும், வாயிலிருந்து எழும் புகையும், சுடுபவனின் தோள் பின்னுக்கு உதைபடுவதும் மட்டுமே உண்டு. எல்லாவற்றையும் கண்ணே நம்பவேண்டும். முதலாம் உலகப் போரைப் பற்றிய படங்களின் பார்வையாளரிடையே அதே துவக்கை ஏந்தியவர்களும் இருந்தார்கள். அவர்களை ஏமாற்றுவது எளிதன்று.

'சோம் சமர்' என்ற பிரித்தானியப் படம் 1916 ஓகஸ்டில் திரைக்கு வந்தது. ஜெஃப்ரி மலின்ஸ், ஜே.பி. மக்டவல் என்ற இருவர் களத்திலேயே நின்று பிடித்த படம். முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்ததாகக் கணிக்கப்படுகிறது. அதில் பதுங்குகுழியிலிருந்து சிப்பாய்கள் மேலேறிப் பாய்கிறார்கள். சிலர் சுடுபட்டு விழுகிறார்கள். அக்காலத்தில் மக்களை மிகவும் உலுக்கிய காட்சி அதுவே. ஆனால் அது களத்துக்குப் பின்னால், பயிற்சி இடமொன்றில் நடித்துப் படமாக்கப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. குழி ஆழமில்லை, சிப்பாய்களின் முதுகில் பொதியுமில்லை. இத்தனைக்கும் அக்காட்சியில் வருபவர்கள் மெய்யான சிப்பாய்கள். அவர்கள் கையில் இருப்பவை மெய்யான லீ என்ஃபீல்ட் துவக்குகள். எம்மவர் பொலிஸாரின் தோளில் கண்டு 'திரீ நொட் திரீ' என்று சொல்லிப் பழகிய அதே இனம். துவக்கு உண்மை, காட்சி பொய்.

மற்றது 1925இல் கிங் விடோர் இயக்கிய 'த பிக் பரேட்'. இது முழுக்க முழுக்கக் கற்பனைக் கதை. படைகளையும் வாகனங்களையும் அமெரிக்க இராணுவமே கொடுத்துதவியது. கதையை எழுதிய லோரன்ஸ் ஸ்டாலிங்ஸ் பெலோ காட்டுச் சண்டையில் காயமுற்றுப் பின்னர் ஒரு காலை இழந்தவர். சிப்பாய்கள் துவக்கை நீட்டியபடி காட்டுக்குள் மெதுவாக நடக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. இராணுவம் பிடித்த பழைய படச்சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்த விடோர், மரண ஊர்வலமொன்றின் நடையைக் கவனித்தார். அதே தாளத்தைப் பெரிய மேளமொன்றில் அடிக்கச் செய்து, ஒவ்வோர் அடிக்கும் ஓர் எட்டு வைத்து நடிகர்களை நடக்கவிட்டார். செத்தவீட்டுப் பறைக்குப் பின்னால் நடந்து பழகிய எமக்கு அதை விளக்கவேண்டியதில்லை. காட்சி கற்பனை, ஆனால் உண்மை.

அப்படியானால் துவக்கு எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஹொலிவூட்டிலும் 1861-65 உள்நாட்டுப் போரைக் காட்டும் படங்களில், அந்தப் போர் முடிந்தபின் வந்த 1873ஆம் ஆண்டு ரகத் துவக்குகளைக் கொடுத்துச் சமாளித்தது நெடுங்கால வழக்கம். அவை மலிவாகக் கிடைத்தன. வாய்வழியே மருந்து இடிக்கவேண்டிய தொல்லையும் இல்லை. அதனால் மட்டும் அப்படங்கள் கெட்டுப்போகவில்லை. மறுபுறம், ஆயுதத்தின் இலக்கத்தை மட்டும் பார்த்து, விழுந்து கிடப்பவனைப் பார்க்காத இரசிகர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை.

ஆனால் எமது கதை வேறு. 1987இல் எனக்குப் பதினேழு வயது. கிணற்றடியில் வெட்டிய பங்கருக்குள் பனங்குற்றிகளுக்குக் கீழே இருந்தோம். வெளியே எதையும் பார்க்கமுடியாது. எஸ்.எல்.ஆர். ஒவ்வொன்றாக, கனத்துக் கேட்கும். ஏ.கே. தொடர்ந்து சடசடக்கும். ஒழுங்கை முகப்பில் நிற்பது யார், கிணற்றுக்குப் போகலாமா, இருட்டுமுன் கோயிலடிக்கு ஓடிவிடலாமா என்பதையெல்லாம் எனது தாயார் அந்தச் சத்தத்தைக் கொண்டே தீர்மானித்தார். ஆயுதம் எதையும் தொட்டறியாத அந்த மனுசிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது.

அந்த இளைஞரின் படத்தில் வரும் மூதாட்டிக்கும் அது தெரிந்திருக்கும். இரு தரப்பின் கையிலும் ஒரே துவக்கைக் கொடுத்தவுடன் அவளுடைய அந்த அறிவு அழிந்துபோகிறது. எது வருகிறது என்று தெரிந்துகொண்டே அவள் வீட்டில் இருந்தாள் என்பதுதான் கதையின் உயிர். தெரியாமல் இருந்தாள் என்றால் அவள் வெறும் பிடிவாதக்காரக் கிழவி.

எனவே எனது கருத்து இதுதான். சரியான துவக்கு ஒரு படத்தை உண்மையாக்கிவிடாது. 'சோம் சமர்' அதற்குச் சாட்சி. ஆனால் பிழையான துவக்கு, படம் எடுத்தவர் அங்கிருந்த ஒருவரிடமும் கேட்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாலிங்ஸும் விடோரும் போர் முடிந்து ஏழு ஆண்டுகளில் படமெடுத்தார்கள். கேட்பதற்கு ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். 2009 கழிந்தே எத்தனையோ ஆண்டுகளாயிற்று. 1987இல் பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்த தாய்மாரில் பலர் இன்று இல்லை. எனது தாயாரும் இல்லை. எஞ்சியிருப்போரிடம் கேட்பதற்குக் காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். பின்னேரத்தில் ஒரு தேநீரோடு அமர்ந்தால் போதும்.

புறப்படும்போது அந்த இளைஞரிடம், "உம்முடைய அப்பம்மா அப்ப எங்கை இருந்தவ?" என்று கேட்டேன்.

சிறிது யோசித்தார். "இஞ்சைதான் ஐயா. கேட்டதில்லை" என்றார்.

"முதல்ல அதைக் கேளும். துவக்கைப் பிறகு செய்யலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.